சரிந்துகொண்டிருக்கும் ஐடி கம்பெனி: சேரும் முன்பும் சேர்ந்த பின்பும் மதுரைப் பிள்ளைகள் செய்ய வேண்டியவை

கேம்பஸிலோ வாக்-இன்னிலோ தேர்வாகி முதல் ஐடி வேலையில் சேர்ந்து மூன்று நான்கு மாதம் ஆன பிள்ளைகள் எனக்குப் போன் பண்ணினால் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள்: "அண்ணே, எனக்குத்தான் வேலை வரலைன்னு நினைக்கிறேன்." கொஞ்சம் கிளறிக் கேட்டால், சொல்லிக்கொடுக்க வேண்டிய சீனியர் போன மாதமே நின்றுவிட்டார், மேனேஜர் இரண்டு முறை மாறிவிட்டார், ராத்திரி பகலாகச் செய்த வேலையைப் பாதியில் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார்கள், சந்தேகம் கேட்டால் "இதுகூடத் தெரியாதா" என்கிறார்கள். இதில் அந்தப் பிள்ளையின் தப்பு எங்கே இருக்கிறது? கம்பெனி சரிந்துகொண்டிருக்கிறது, அதன் பாரம் கடைசியாகச் சேர்ந்தவர் தலையில் இறங்குகிறது. ஆனால் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்க்கிற ஆபீஸ் அதுதான் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று இல்லை. ஆபீஸ் என்றாலே இப்படித்தான் போல, நாம்தான் லாயக்கில்லை போல என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் திருமங்கலத்துப் பக்கம். மதுரையிலேயே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஏழு வருஷம் இருந்தேன். முதல் நாலு வருஷம் நன்றாக இருந்த இடம், அடுத்த மூன்று வருஷத்தில் என் கண் முன்னால் கெட்டுப்போனது. பெயர் வேண்டாம், அங்கே இன்னும் நல்லவர்கள் வேலை பார்க்கிறார்கள்.

சரிவை எதை வைத்துக் கண்டுபிடிப்பது

சம்பளம் தாமதமாவதும் ஆட்குறைப்பும் கடைசியில் வெளியே தெரிகிறவை. அதற்கு ஒரு வருஷம் முன்பே பேச்சு மாறிவிடும்.

நான் சேர்ந்து இரண்டாம் வருஷம், எல்லாம் நன்றாக இருந்த காலம். மருந்துக்கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர். டேட்டாபேஸில் ஒரு டெலீட் கட்டளையை நிபந்தனை போடாமல் ஓட்டிவிட்டேன், இரண்டு மணி நேரம் கடைகளில் பில் போட முடியவில்லை. கை நடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, "சரி தம்பி, எதனால இது நடக்க முடிஞ்சது?" என்று கேட்டார். பேக்கப்பில் இருந்து டேட்டாவை மீட்டோம், அப்புறம் சாயங்காலத்துக்குள் யார் நினைத்தாலும் நேரடியாக அந்த டேட்டாபேஸில் கை வைக்க முடியாதபடி அனுமதியை மாற்றினோம். அதே மாதிரி ஒரு தவறை ஆறாம் வருஷம் ஒரு பையன் செய்தான், புதிதாகச் சேர்ந்தவன். அன்றைக்கு வந்த மெயிலின் முதல் வரி, "இதை யார் செய்தது?" பதினான்கு பேருக்கு நகல் போயிருந்தது. அடுத்த வாரத்தில் இருந்து யாரும் எதையும் தானாக முன்வந்து சொல்லவில்லை. வியாழக்கிழமை உள்ளே தெரிந்த கோளாறை மூடி வைத்து, திங்கட்கிழமை வாடிக்கையாளர் கண்டுபிடித்துத் திட்டுகிற நிலைமை வந்தது.

"எதனால்" என்ற கேள்வி "யாரால்" என்று மாறுகிற இடத்தில் கம்பெனி இறங்க ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற அறிகுறிகளைவிட இதை முதலில் கவனியுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். மதுரையில் இருக்கிற டீமுக்குச் சித்திரைத் திருவிழா வாரத்தில் ரிலீஸ் (புது சாஃப்ட்வேரை வாடிக்கையாளர் பயன்பாட்டுக்கு ஏற்றுவது) வைக்கக் கூடாது என்பது எங்கும் எழுதி வைக்காத விதி. பொங்கல் முடிந்ததும் காலண்டரில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளைக் குறித்துவிட்டுத்தான் தேதி பேசுவோம். ஐந்தாம் வருஷம் வெளியூரில் இருந்து வந்த புதுத் தலைவர் மதுரைக்கு வரும் அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை ராத்திரியில் ரிலீஸ் போட்டார். அவருக்குத் தெரியாது, அது தப்பில்லை. மீட்டிங்கில் இருந்த பதினெட்டு பேரில் ஒருவர்கூட "சார், அந்த நாள் வேண்டாம், பாதிப் பேர் இருக்க மாட்டோம், டவர் நெரிசலில் போன்கூடச் சரியாகக் கிடைக்காது" என்று வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. ஒரு வருஷம் முன்னால் என்றால் நாலு பேர் சொல்லியிருப்போம். அந்த அமைதியைக் கவனியுங்கள்.

மற்றபடி, அடுத்தவர் எழுதிய கோடை (புரோகிராமை) பார்த்துச் சரி சொல்கிற ரிவ்யூ ஐந்நூறு வரிக்கு இரண்டு நிமிஷத்தில் முடிவது, டிக்கெட் (ஒவ்வொரு வேலைக்கும் போடுகிற பதிவு) எண்ணிக்கை காட்டுவதற்காகவே டிக்கெட் திறந்து மூடுவது, நல்ல சீனியர்கள் ஒரு கேக்கூட வெட்டாமல் கிளம்பிப் போவது, இத்தனை சதவீதம் பேருக்குக் குறைந்த ரேட்டிங் கொடுத்தே ஆக வேண்டும் என்று மேனேஜரைக் கட்டாயப்படுத்துவது. இந்தக் கடைசி முறையை மைக்ரோசாஃப்ட் பல வருஷம் வைத்திருந்து 2013-ல் கைவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் கீழே போனால்தான் நாம் மேலே போக முடியும் என்றால் யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்?

எல்லாவற்றையும் சரிவு என்று நினைத்துவிடவும் வேண்டாம். ஒரு ரிலீஸுக்காக இரண்டு வாரம் லேட்டாக உட்காருவது, மேனேஜர் கறாராக இருப்பது, உங்கள் கோடை நாலு முறை திருப்பி அனுப்புவது எல்லாம் நல்ல இடங்களிலும் நடக்கும். கறாரான ஆள் உங்களுக்கு நேரம் ஒதுக்குகிறாரா என்று பாருங்கள். ஒதுக்கினால் அவரை விட்டுவிடாதீர்கள்.

இன்டர்வியூவுக்கு முன்னால், வீட்டில் உட்கார்ந்தபடியே

முதல் காரியம், பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) தளத்தைப் பாருங்கள். இது பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. இந்த நிதியைப் பார்த்துக்கொள்ளும் இபிஎஃப்ஓ அமைப்பின் தளத்தில் நிறுவனங்களைத் தேடும் பகுதி ஒன்று இருக்கிறது, எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச் என்று பெயர், லாகின் தேவையில்லை. கம்பெனி பெயரைப் போட்டால் அந்த நிறுவனம் மாதாமாதம் எவ்வளவு பிஎஃப் கட்டியது, எந்தத் தேதியில் கட்டியது, எத்தனை பேருக்குக் கட்டியது என்று வரும். ஒவ்வொரு மாதப் பணமும் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் போயிருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்தை ஒரு தாளில் எழுதுங்கள். உதாரணத்துக்கு, ஆள் எண்ணிக்கை 340, 310, 260 என்று இறங்கிக்கொண்டே வருகிறது, கட்டிய தேதி 14, 22, அதற்கு அடுத்தது இரண்டு மாதம் தள்ளி என்று இருந்தால், எச்ஆர் "நாங்கள் வேகமாக வளர்ந்துகொண்டிருக்கிறோம்" என்று எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் நீங்கள் இந்தத் தாளையே நம்பலாம். சில பெரிய கம்பெனிகள் சொந்த பிஎஃப் டிரஸ்ட் வைத்திருக்கும், சிலவற்றுக்கு ஊருக்கு ஒரு கணக்கு எண் இருக்கும். அவற்றுக்கு இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது. நடுத்தர, சின்னக் கம்பெனிகளுக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது, மத்திய அரசின் எம்சிஏ (கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் கம்பெனியின் மாஸ்டர் டேட்டா, அதாவது அடிப்படை விவரம். கடைசியாகப் பொதுக்குழு நடந்த தேதி, கடைசி பேலன்ஸ் ஷீட் எந்த வருஷத்துக்கு என்பது தெரியும். பேலன்ஸ் ஷீட் இரண்டு மூன்று வருஷம் பின்னால் நின்றுபோயிருந்தால் கவனம். பங்குச்சந்தையில் இருக்கும் பெரிய ஐடி நிறுவனங்கள் காலாண்டு முடிவோடு ஆட்கள் விலகும் விகிதத்தையும் சொல்வார்கள், அதை நாலு காலாண்டுக்குச் சேர்த்துப் பார்க்கலாம்.

பெரிய பெயர் என்றால் பயமில்லை என்று யாராவது சொன்னால் தலையாட்ட வேண்டாம். 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது, 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஆட்களில் சுமார் 2 சதவீதம் பேரைக் குறைப்பதாகச் சொன்னது. பெயர் உங்கள் ரெஸ்யூமுக்கு உதவும், வேலைக்கு உத்தரவாதம் ஆகாது.

ஆம்பிஷன்பாக்ஸ், கிளாஸ்டோர் தளங்களில் ஊழியர்கள் எழுதும் மதிப்புரைகளைப் படிக்கும்போது நட்சத்திரத்தை விட்டுவிட்டுத் தேதியைப் பாருங்கள். ஒரே வாரத்தில் எட்டுப் பேர் ஐந்து நட்சத்திரம் போட்டு ஒரே மாதிரி இரண்டு வரி எழுதியிருந்தால் அது எச்ஆர் கேட்டு எழுதியது. ஒரு சின்ன விஷயத்தை விவரமாகக் குறைசொல்கிற ஒருவர், கேண்டீன் பற்றியாவது இருக்கட்டும், அவர் பெரும்பாலும் உண்மை சொல்கிறார்.

அப்புறம் நேரில் போங்கள். இலந்தைக்குளம் எல்காட் பார்க்கோ, காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வடபழஞ்சியோ, இன்டர்வியூவுக்கு முந்தின நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு அருகில் இருக்கிற டீக்கடையில் அரை மணி நேரம் நில்லுங்கள். கழுத்தில் அந்த ஐடி கார்டு தொங்குகிற யாரிடமாவது, "அண்ணே, நாளைக்கு உங்க கம்பெனியில இன்டர்வியூ, எப்படி இருக்கும்ணே?" என்று கேளுங்கள். மதுரையில் இப்படிக் கேட்டால் யாரும் முறைக்க மாட்டார்கள். "வா தம்பி, நல்லாயிருக்கும், இன்ன சப்ஜெக்ட் பாத்துட்டு வா" என்று பதில் வந்தால் ஒன்று. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு "வேற எங்கயும் கிடைக்கலையா தம்பி" என்றால் இன்னொன்று. பெண் பிள்ளைகள் நைட் ஷிஃப்ட், கேப் (கம்பெனி வண்டி) பற்றியும் அங்கேயே கேட்டுவிடுங்கள், உள்ளே சொல்கிற பதிலும் வெளியே சொல்கிற பதிலும் ஒத்துப்போகிறதா என்று தெரியும்.

இன்டர்வியூ அறையில்

இன்டர்வியூ என்றால் அவர்கள் நம்மைப் பார்ப்பது என்றுதான் வளர்ந்திருக்கிறோம். நீங்களும் அவர்களைப் பார்க்க வேண்டும், அதுவும் மரியாதை குறையாமல். "கேள்வி ஏதாவது இருக்கிறதா" என்று கடைசியில் கேட்பார்கள், நம்ம ஊர்ப் பிள்ளைகள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "நோ சார், தேங்க் யூ சார்" என்று எழுந்துவிடுவார்கள். எழாதீர்கள். மூன்று கேள்வி கையில் வைத்திருங்கள்.

ஒன்று, "நான் சேரப்போகிற இடத்தில் இதற்கு முன்னால் யார் இருந்தார்கள் சார், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" புது இடம் என்றாலும், உள்ளேயே வேறு டீமுக்குப் போனார் என்றாலும், வெளிநாடு போனார் என்றாலும் சட்டென்று பதில் வரும். பதில் வராமல் பேப்பரைப் புரட்டினால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, "கடைசியாக பிரொடக்‌ஷனில் (வாடிக்கையாளர் நிஜமாகப் பயன்படுத்தும் சிஸ்டத்தில்) பெரிய பிரச்சனை வந்தபோது என்ன செய்தீர்கள், அதற்கப்புறம் என்ன மாற்றினீர்கள்?" இதுதான் என் கையில் இருக்கிற உரைகல். நல்ல டீமில் இருப்பவர் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து கதை சொல்வார், கதையில் ஆட்கள் பெயர் இருக்காது, நடந்த விஷயம் இருக்கும். சரிந்த டீமில் இருப்பவர் "எங்களுக்கு அப்படியெல்லாம் வராது" என்பார், இல்லையென்றால் "ஒருத்தன் பண்ணினான், அவனை அனுப்பிட்டோம்" என்பார். மூன்றாவது, "முதல் மூன்று மாதம் எனக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்?" பதிலில் ஒரு மனிதரின் பெயர் வர வேண்டும். "வீடியோ இருக்கு, டாக்குமென்ட் இருக்கு" என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம்.

கண்ணையும் திறந்து வையுங்கள். எங்கள் கம்பெனியின் கடைசி வருஷத்தில் இன்டர்வியூ அறை வெள்ளைப் பலகையில் ஒரு படம் அழிக்கப்படாமலே இருந்தது, நின்றுபோன ஒரு புராஜெக்ட்டின் வரைபடம், அதை வரைந்தவர் வேலையை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. வந்து உட்கார்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் அது இருந்தது, யாருக்கும் அழிக்கத் தோன்றவில்லை.

இன்டர்வியூ தேதியை ஒரு முறை மாற்றுவது சகஜம். மூன்று முறை மாற்றி, ஒவ்வொரு முறையும் வேறு ஆள் வந்து முதலில் இருந்து ஆரம்பித்தால், உள்ளே யாரிடமும் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. "வீட்டில் செய்து கொண்டுவா" என்று கொடுக்கிற பயிற்சி நாலைந்து மணி நேரத்துக்கு மேல் போய், அவர்களுடைய நிஜ வாடிக்கையாளருக்கான பக்கமாகத் தெரிந்தால் செய்யாதீர்கள். பயிற்சிக் கட்டணம், டெபாசிட், லேப்டாப் காசு என்று சேருவதற்கு முன்னால் ஒரு ரூபாய் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள், அது சரிகிற கம்பெனிகூட இல்லை, மோசடி.

ஆஃபர் லெட்டரைப் பிரித்துப் படிப்பது

வருஷம் 3,60,000 ரூபாய் சிடிசி (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) என்றதும் மாதம் 30,000 என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அதில் 10 சதவீதம் வேரியபிள் என்று 36,000 போகும், அது வந்தால்தான் உண்டு, சரிகிற கம்பெனியில் முதலில் நிற்பது அதுதான். அடிப்படைச் சம்பளம் மாதம் 15,000 என்றால் கம்பெனி கட்டும் பிஎஃப் 12 சதவீதம், மாதம் 1,800, வருஷம் 21,600. கிராஜுட்டி (பணிக்கொடை) என்று சுமார் 8,650-ஐயும் கணக்கில் சேர்த்திருப்பார்கள். மிச்சம் மாதம் ஏறக்குறைய 24,500, அதில் உங்கள் பங்கு பிஎஃப் 1,800 போனால் 22,700. தொழில்வரி, இன்சூரன்ஸ் பிடித்தது போகக் கைக்கு வருவது அதைவிடக் கொஞ்சம் குறையும். இந்த எண்ணை வைத்துத்தான் வீட்டுச் செலவு பேச வேண்டும்.

பாண்டு, அதாவது இத்தனை காலத்துக்குள் விலகினால் இவ்வளவு பணம் கட்டுகிறேன் என்று எழுதிக்கொடுக்கிற ஒப்பந்தம். "அதெல்லாம் சும்மா, கோர்ட்ல நிக்காது" என்று சீனியர்கள் சொல்வார்கள், அப்படியே நம்பாதீர்கள். விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அது பொதுத்துறை வங்கி, ஆள் எடுப்பதற்கு அவர்கள் செய்யும் செலவும் முறையும் வேறு, என்றாலும் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு என்பதுதான் விஷயம். அதே நேரம், எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும் நியாயமான நஷ்ட ஈடுதான் கேட்க முடியும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு சொல்கிறது, வேலையை விட்ட பிறகு இதே தொழிலில் வேறெங்கும் சேரக் கூடாது என்பது போன்ற நிபந்தனையை 27-வது பிரிவு செல்லாததாக்குகிறது. ஆகவே பாண்டில் எத்தனை மாதம், எத்தனை ரூபாய், எதற்காக என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அசல் மார்க்‌ஷீட்டை, டிகிரி சர்டிஃபிகேட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஒப்படைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், அன்றைக்கே திருப்பி வாங்க வேண்டும்.

சேர்ந்துவிட்டீர்கள், சரிவு தெரிகிறது, உடனே கிளம்ப முடியாது

பெரும்பாலானவர்களின் நிலைமை இதுதான். கடன் இருக்கும், தங்கை படிப்பு இருக்கும், ஒரு வருஷ அனுபவம் இல்லாமல் வேறு இடத்தில் எடுக்க மாட்டார்கள். இருப்பது தோல்வி இல்லை. ஆனால் இருக்கிற முறை ஒன்று இருக்கிறது.

காகிதங்களை முதல் மாதத்தில் இருந்தே சேருங்கள். ஆஃபர் லெட்டர், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், ஒவ்வொரு மாத பேஸ்லிப், அப்ரைசல் கடிதம். கம்பெனி போர்ட்டலில் இருக்கிறதே என்று விட்டால், வேலை போகிற அன்று மதியமே லாகின் மூடிவிடும். இவை உங்களுடைய காகிதங்கள், எடுத்து வைக்கலாம். கம்பெனியின் கோடையோ வாடிக்கையாளர் டேட்டாவையோ சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள், கிட்ஹப் போன்ற வெளித் தளங்களில் ஏற்றாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த ஒரு காரியம் உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடும்.

யுஏஎன் என்கிற உங்கள் பிஎஃப் கணக்கு எண்ணை நீங்களே ஆக்டிவேட் செய்து பாஸ்புக்கைப் பாருங்கள். பேஸ்லிப்பில் பிஎஃப் பிடித்திருக்கிறார்கள், பாஸ்புக்கில் ஏறவில்லை என்றால் அது தாமதம் மட்டும் இல்லை, உங்கள் பணத்தை வைத்துக் கம்பெனி காலம் தள்ளுகிறது. வரி பிடித்தால் வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தில் அது ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டில் எது இடித்தாலும் அடுத்த வேலை தேடுவதை அன்றே ஆரம்பியுங்கள். இபிஎஃப்ஓவின் புகார் தளத்தில் எழுதலாம், சொக்கிகுளத்தில் பிஎஃப் அலுவலகம் இருக்கிறது, நேரிலும் போகலாம்.

வாயால் சொன்னதை எழுத்தில் உறுதி செய்யும் பழக்கம் வேண்டும். "டெஸ்டிங் வேண்டாம், இன்னிக்கு ராத்திரியே ஏத்திடு" என்று மேனேஜர் நின்றபடி சொல்லிவிட்டுப் போனால், சண்டை போடாமல் ஒரு மெயில்: "மதியம் பேசியபடி இன்று இரவு 10 மணிக்கு ரிலீஸ் செய்கிறேன். பணம் செலுத்தும் பகுதி இன்னும் சோதிக்கப்படவில்லை. நாளை காலை வரை தள்ளிவைத்தால் முடித்துவிடலாம். எப்படிச் செய்யட்டும்?" குற்றச்சாட்டு இல்லை, கிண்டல் இல்லை, நடந்ததும் தேதியும் மட்டும். நான் பார்த்தவரையில் இந்த மெயில் போன பிறகு பாதி நேரம் ரிலீஸ் தள்ளிப்போகும், மீதி நேரம் நாளைக்கு உங்கள் தலை தப்பும்.

தினமும் ஐந்து வரி டைரி எழுதுங்கள், நோட்டில் போதும். இன்று என்ன செய்தேன், எங்கே மாட்டினேன், எப்படி வெளியே வந்தேன். ஆறு மாதம் கழித்து இன்டர்வியூவில் பேச உங்களிடம் சரக்கு இருப்பது இதனால்தான். தவிர, "எனக்கு வேலை வரலை" என்று ராத்திரி பதினொரு மணிக்குத் தோன்றும்போது எடுத்துப் படித்தால், வரவில்லையா, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

முதல் வருஷம் இஎம்ஐ வேண்டாம். பைக்கும் போனும் காத்திருக்கும். மதுரையில் வேலை பார்ப்பதில் பெரிய வசதியே வீட்டில் இருந்து போய்வருவதுதான், அந்த வாடகைக் காசை அப்படியே ஆறு மாதச் செலவுக்கு ஒதுக்கிவிட்டால் எந்த மேனேஜர் மிரட்டினாலும் குரல் நடுங்காது.

வீட்டில் சொல்லுங்கள். இது கஷ்டம், எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் "எம் மகன் ஐடில இருக்கான்" என்று அம்மா நாலு பேரிடம் சொல்லும்போது முகத்தில் தெரிகிற வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, அங்கே சரியில்லை என்று எப்படிச் சொல்வது? நான் பத்து மாதம் சொல்லவில்லை. தூக்கம் போனது, சாப்பாடு இறங்கவில்லை, கடைசியில் அப்பாதான் ஒரு ராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, "கம்பெனி படுத்துருச்சாப்பா?" என்று கேட்டார். அவர் மில்லில் இருந்தவர். மில் மூடுவதற்கு முந்தின வருஷங்கள் எப்படி இருந்தன என்று அன்றைக்கு அவர் சொன்னதைக் கேட்டபோது எங்கள் ஆபீஸைப் பற்றிக் கேட்பது போலவே இருந்தது. முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

அலுவலகத்தில் பாலியல் தொந்தரவு என்றால் அது "கல்ச்சர்" பிரச்சனை என்று பொறுத்துக்கொள்ளும் விஷயமே இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ம் வருஷச் சட்டம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தேதியை மறக்காதீர்கள்.

உங்களையே இன்டர்வியூ எடுக்கச் சொன்னால்

ஆட்கள் போகப் போக, சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆன உங்களையே பேனலில் உட்கார வைப்பார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உசிலம்பட்டியில் இருந்து ஒரு தங்கச்சி வந்திருந்தாள், பதில்கள் அருமை. கடைசியில் "டீம்ல எத்தனை பேர்ணே இருக்கீங்க?" என்று கேட்டாள். ஒன்பது என்றேன். அந்த ஒன்பதில் நாலு பேர் பேப்பர் போட்டிருந்தார்கள் (ராஜினாமா கொடுத்திருந்தார்கள்), அது எனக்குத் தெரியும், சொல்லக் கூடாது என்று எச்ஆர் சொல்லியிருந்தார்கள். எண்ணிக்கை பொய்யில்லை. ஆனால் அவள் சேர்ந்து மூன்றாம் மாதம் அந்த வரிசையில் தனியாக உட்கார்ந்து, யார் எழுதியது என்றே தெரியாத கோடை வைத்துக்கொண்டு அழுததைப் பார்த்தேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்லண்ணே" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அதற்கப்புறம் நான் பேனலில் உட்கார்ந்தபோதெல்லாம், கம்பெனி ரகசியம் எதையும் வெளியே விடாமல், என்னைப் பற்றி மட்டும் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தேன்: "டீம் இப்ப மாறிட்டு இருக்கு. நானாவே படிச்சுத்தான் நிறைய கத்துக்கிட்டேன். அது உனக்குச் சரிவருமான்னு யோசிச்சுக்கோ." யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. அப்படியே சொல்ல முடியாத சூழல் என்றால் பேனலுக்கு வரவில்லை என்று சொல்லிவிடலாம்.

கிளம்புவது

கையில் ஆஃபர் இல்லாமல் ராஜினாமா செய்யாதீர்கள். இரண்டு விதிவிலக்கு: உடம்பு கெடுகிறது, இல்லையென்றால் சம்பளம் வரவில்லை. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் வர வேண்டும் என்பது சட்டம். ஒரு மாதம் தவறினால் எழுத்தில் கேளுங்கள், இரண்டாம் மாதமும் தவறினால் காத்திருக்காமல் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஐடி ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்கத் தடை இல்லை என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது, அப்படிப்பட்ட சங்கங்களிடமும் ஆலோசனை கேட்கலாம்.

சென்னை நேர்முகம் என்றால் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி விடியற்காலை எழும்பூரில் இறங்கிவிடலாம், ஒரே நாள் லீவு போதும். "ஏன் மாறுகிறீர்கள்" என்று கட்டாயம் கேட்பார்கள். பழைய இடத்தைத் திட்டாதீர்கள், அங்கே நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள்: "பில்லிங் பகுதியை எட்டு மாதம் தனியாகப் பார்த்துக்கொண்டேன், அடுத்து என்னைவிட அனுபவம் உள்ளவர்களோடு வேலை பார்க்க வேண்டும்." இது உண்மையும்கூட. அனுபவத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள், ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தருகிறேன் என்கிற கன்சல்டன்சிகளிடம் போகாதீர்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் யுஏஎன் கணக்கில் இருக்கிறது, வெரிஃபிகேஷனில் அங்கேதான் பார்க்கிறார்கள்.

எச்ஆர் திடீரென்று அறைக்குள் கூப்பிட்டு "நீங்களே ரிசைன் பண்ணிட்டா நல்லது" என்றால் அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் பேசிவிட்டு நாளைக்கு மெயிலில் பதில் சொல்கிறேன் மேடம்" என்று எழுந்து வாருங்கள். நோட்டீஸ் காலச் சம்பளம், ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, மூன்றும் எழுத்தில் வந்த பிறகுதான் ராஜினாமா பற்றிப் பேச்சு. பாண்டுத் தொகை கேட்க மாட்டோம் என்பதையும் அதே மெயிலில் வாங்கிவிடுங்கள்.

2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டாலும் நீக்கினாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். பல இடங்களில் இன்னும் 45 நாள் என்ற பழைய வழக்கத்தையே சொல்வார்கள், இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு ஒரு மெயில் போடுங்கள்.

வேலையை விட்டு வெளியே வந்த பிறகு இரண்டு காரியம் பாக்கி. கடைசி பிஎஃப் ஏறி இரண்டு மாதம் கழித்து யுஏஎன் தளத்தில் விலகிய தேதி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேனேஜ் பகுதியில் மார்க் எக்ஸிட் என்று இருக்கும், ஆதாரோடு இணைத்த போனுக்கு ஓடிபி வரும், நீங்களே பதிந்துவிடலாம். ஜூன் 15-க்குள் ஃபார்ம் 16 (சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று) வர வேண்டும். அதற்குள் கம்பெனியின் எச்ஆர் மெயிலே செயல்படாமல் போயிருக்கலாம், அதனால் கிளம்புகிற அன்றே கணக்குப் பிரிவில் ஒருவருடைய போன் நம்பரைக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.